தொட்டியின் மூலையில் என்ன இருக்கிறது?



நெய்வேலி என்றதும் வெளியூர்க்காரர்கள் கேட்பது நிலக்கரியையும் கரண்டையும்தான். 1957இல் சுரங்க வேலை தொடங்கி 1962இல் மின்சாரம் கொடுக்கத் தொடங்கிய ஊர் அல்லவா, அப்படித்தான் கேட்பார்கள். ஆனால் இந்த ஊரின் பாதிக் கதை தண்ணீர்க் கதை. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கிற ஊற்றுநீரை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கத்துக்குள் இயந்திரம் நிற்க முடியும். இறைத்த நீரில் ஒரு பங்கு வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி வழியாக வயலுக்குப் போகிறது. இதெல்லாம் நமக்குப் புத்தகம் இல்லாமலே தெரிந்த சங்கதி. நான் எழுத வந்தது, வீட்டுக்குள் வந்து, குளித்து, துவைத்து, கழுவி முடித்த பிறகு வெளியே போகிற தண்ணீரைப் பற்றி. அதிலும், அது போய்த் தங்குகிற தொட்டியின் வடிவத்தைப் பற்றி மட்டும்.

"தொட்டியில என்னம்மா இருக்கு? நாலு சுவர், ஒரு தரை" என்று சிரிக்கிறவர்கள் உண்டு. சிவில் பிரிவிலேயே உண்டு! ஆனால் ஒரே கொள்ளளவு, ஒரே தண்ணீர், ஒரே செலவு என்று இரண்டு தொட்டி கட்டினால் ஒன்று ஒழுங்காக வேலை செய்யும், மற்றது செய்யாது. காரணம், தண்ணீர் உள்ளே எந்த வழியாக நடக்கிறது என்பதுதான்.

நம் ஏரிகளைப் பாருங்கள். வரத்து வாய்க்கால் ஒரு கோடியில் இருக்கும், கலங்கல் தள்ளி இன்னொரு பக்கம் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும்? புது வெள்ளம் வந்த வேகத்தில் கலங்கல் ஏறிப் போய்விடும். ஏரியின் மறுகோடியில் பழைய தண்ணீர் பாசி பிடித்துக் கிடக்கும். ஏரி பெரிசுதான், ஆனால் வேலை செய்வது அதில் ஒரு மூலை மட்டும். கழிவுநீர்த் தொட்டிக்கும் இதே கதைதான். இங்கிலீஷில் இதற்கு 'ஷார்ட் சர்க்யூட்' என்று பெயர். எலக்ட்ரிகல் நண்பர்கள் கோபிக்க வேண்டாம், பெயர் உங்களிடமிருந்து கடன் வாங்கியதுதான்.

கொஞ்சம் கணக்கு

இருபதாயிரம் பேர் வாழும் ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். நம் பாடத்தில் உள்ளபடி ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், அதில் 80 சதம் சாக்கடைக்கு வரும். பெருக்கினால் 2160 கனமீட்டர். மணிக்கு 90 கனமீட்டர். (காலை ஆறு மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் குளிக்கிற உச்ச ஓட்டத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. அதை இங்கே விட்டுவிடுகிறேன்.)

முதல் படிவுத் தொட்டிக்கு, அதாவது செட்லிங் டேங்குக்கு, சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 35 முதல் 50 கனமீட்டர் என்று மத்திய அரசின் கையேடு சொல்கிறது. 35 என்றே எடுத்தால் சுமார் 62 சதுர மீட்டர் பரப்பு தேவை. அகலம் 4 மீட்டர், நீளம் 15.5 மீட்டர், ஆழம் 3 மீட்டர். கொள்ளளவு 186 கனமீட்டர். தண்ணீர் தங்கும் நேரம் இரண்டு மணிக்குச் சற்று மேல்.

இங்கே ஏன் பரப்பைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம், ஆழம் அதிகமானால் நல்லதுதானே என்று எனக்கு முதலில் தோன்றியது. 1904இல் ஆலன் ஹேசன் என்ற அமெரிக்கப் பொறியாளர் இதற்கு விடை எழுதிவிட்டார். ஒரு துகள் கீழே விழுகிற வேகம், மேலே நாம் சொன்ன அந்தப் பரப்பு வேகத்தைவிட அதிகமாக இருந்தால் அது தரை சேரும். ஆழத்தைக் கூட்டினால் தங்கும் நேரம் கூடும், அதே அளவு துகள் விழ வேண்டிய தூரமும் கூடும். ஆக, ஒன்றுக்கொன்று சரியாகப் போய்விடும். காகிதத்தில் இது அழகான தியரி. ஆனால் தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே சீராக நகர்ந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். அங்கேதான் வம்பு.

நம் தொட்டியில் தண்ணீர் நகர வேண்டிய வேகம் எவ்வளவு தெரியுமா? மணிக்கு 90 கனமீட்டரை 12 சதுர மீட்டர் குறுக்குப் பரப்பால் வகுத்தால் விநாடிக்கு 2 மில்லிமீட்டர். எறும்பு இதைவிட வேகமாகப் போகும்! அதே தண்ணீர் 200 மில்லிமீட்டர் குழாயில் வரும்போது விநாடிக்கு 80 சென்டிமீட்டர். அதாவது ஓடி வருகிற தண்ணீரை வாசலிலேயே பிடித்து சுமார் 380 மடங்கு மெதுவாக்க வேண்டும். குழாயைச் சும்மா சுவரில் நீட்டிவிட்டால் தண்ணீர் ஈட்டி மாதிரி நேரே எதிர்ச்சுவர் வரை பாயும். இரண்டு பக்கமும் சுழல் விழும். அதனால்தான் வாயிலில் தடுப்புப் பலகை, துளைச்சுவர் எல்லாம் வைக்கிறார்கள். 'பேஃபிள்' என்று நாம் வரைபடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போகிறோமே, அந்த ஒரு கோட்டுக்கு இவ்வளவு வேலை.

வெளியே போகிற பக்கமும் அப்படித்தான். விளிம்பில் வழிகிற நீர் மீட்டருக்கு நாளொன்றுக்கு 125 கனமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. போனால் அந்த இடத்தில் இழுப்பு அதிகமாகி, படியப் போன கசடையும் தூக்கிக்கொண்டு போகும். 2160ஐ 125ஆல் வகுத்தால் 17 மீட்டருக்கு மேல் விளிம்பு வேண்டும். நம் சுவர் அகலமோ 4 மீட்டர்தான். எனவே கடைசிப் பகுதியில் வழிகால்களைத் தொட்டிக்குள்ளேயே விரல் விரலாக நீட்டி, இரு கரையிலும் 'வீ' வெட்டு வைத்து நீளத்தைச் சம்பாதிக்கிறார்கள். அந்த 'வீ' வெட்டுகள் ஒரே மட்டத்தில் இல்லாமல் ஒரு பக்கம் அரை இஞ்சு தாழ்ந்தாலும் போச்சு, தண்ணீர் எல்லாம் அந்தப் பக்கமே சாயும். சர்வே லேபில் லெவல் பார்க்கச் சொன்னால் அலுத்துக்கொள்கிறோமே!

வெயிலும் காற்றும்கூட விளையாடும். உள்ளே நிற்பதைவிட ஓரிரு டிகிரி குளிர்ந்த நீர் வந்தால் அடியில் புகுந்து ஓடும், சூடான நீர் வந்தால் மேலாக மிதந்து போய்விடும். சித்திரை வெயிலில் நம் ஊர் எப்படி இருக்கும் என்று சொல்லவா வேண்டும்.

உஜாலா சோதனை

இதை நம்பாதவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நானும் என் தம்பியும் செய்தோம். துணி ஊறவைக்கிற நீளமான பிளாஸ்டிக் தொட்டி ஒன்று, 20 லிட்டர் பிடிக்கும். ஒரு ஓரத்தில் டியூப் வழியாக நிமிடத்துக்கு 2 லிட்டர் வருகிற மாதிரி குழாயைத் திறந்து, மறு ஓரத்தில் மேலே ஒரு வெட்டு வெட்டி வெளியே விட்டோம். கணக்குப்படி தண்ணீர் 10 நிமிடம் தங்க வேண்டும். வருகிற டியூபில் நாலு சொட்டு உஜாலா விட்டு, தம்பி செல்போனில் நேரம் பார்த்தான். ஒன்றரை நிமிடத்துக்குள் நீலம் வெளியே வந்துவிட்டது! அதைவிட வேடிக்கை, இருபது நிமிடம் கழித்தும் இரண்டு மூலைகளில் நீலம் அப்படியே தூங்கிக்கொண்டிருந்தது. பிறகு தெர்மாகோல் பலகை மூன்றை மாறி மாறிச் செருகி, தண்ணீர் வளைந்து வளைந்து போகும்படி செய்தோம். இப்போது நீலம் வர ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனது. தொட்டி அதேதான், தண்ணீரும் அதேதான்.

திருப்பதியில் க்யூவைக் கம்பி கட்டி வளைத்து வளைத்து விடுகிறார்களே, ஏன்? பெரிய மண்டபத்தில் சும்மா விட்டால் பலசாலி முதலில் போய்விடுவான், கிழவி மூலையில் நிற்பாள். வளைத்துவிட்டால் முன்னால் வந்தவன் முன்னால் போவான். குளோரின் கலக்கும் தொட்டியைப் பாம்பு மாதிரி வளைத்துக் கட்டுவது இதற்குத்தான். அரை மணி நேரம் குளோரினோடு இருந்தால் கிருமி சாகும் என்று கணக்குப் போட்டுவிட்டு, தண்ணீரில் ஒரு பங்கு ஐந்தே நிமிடத்தில் ஓடிவிட்டால் அதிலுள்ள கிருமி உயிரோடு போகும். மீதித் தண்ணீர் ஒரு மணி நேரம் நின்று என்ன பயன்?

தண்ணீர் தங்கும் நேரம் ஒரே எண் அல்ல, அது ஒரு பரவல் என்று 1953இல் கட்டுரை எழுதி இந்தத் துறையையே திருப்பிவிட்டவர் பீட்டர் டாங்க்வெர்ட்ஸ் என்ற ஆங்கிலேயர். இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் விழுந்த, வெடிக்காத கண்ணிகளைச் செயலிழக்கச் செய்து 'ஜார்ஜ் கிராஸ்' விருது வாங்கியவரும் இவரேதான். எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கணக்குப் பார்க்கிற பழக்கம் அங்கேயே வந்ததோ என்னவோ!

கலக்க வேண்டிய இடம்

படிவுத் தொட்டியில் கலக்கவே கூடாது. அடுத்து வரும் ஏரேஷன் டேங்கிலோ கலக்கியே ஆக வேண்டும். அழுக்கைத் தின்னும் நுண்ணுயிரிகளுக்குக் காற்றும் உணவும் ஒன்றாகக் கிடைக்க வேண்டும், அவை அடியில் படியவும் கூடாது. 1914இல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் கழிவுநீருக்குள் காற்றை ஊதி, படிந்த சேற்றைக் கொட்டாமல் மறுபடி மறுபடி பயன்படுத்திக் காட்டியதிலிருந்து வந்த முறை இது.

இங்கேயும் வடிவம் பேசுகிறது. தங்கும் நேரத்தையும் அழுக்கு சிதையும் வேகத்தையும் பெருக்கினால் 4 வருகிறது என்று வையுங்கள். முழுக்கக் கலந்த ஒரே தொட்டியில் அழுக்கில் 20 சதம் மிஞ்சும். அதே கொள்ளளவை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கினால் 11 சதம். நாலாக்கினால் 6 சதத்துக்குச் சற்று மேல். தண்ணீர் ஒன்றையொன்று முந்தாமல் வரிசையாகப் போகிற நீளக் கால்வாயில் 2 சதம்கூட இல்லை. வெறும் மூன்று குறுக்குச் சுவருக்கு இந்த லாபம்! அப்படியானால் எல்லாத் தொட்டியையும் நீளமாகவே கட்ட வேண்டியதுதானே? இல்லை. ஏதோ ஒரு பட்டறையிலிருந்து திடீரென்று ஆசிட் வந்துவிட்டால், நீளத் தொட்டியின் முகப்பில் உள்ள உயிரிகள் முழு அடியையும் வாங்கிச் சாகும். முழுக்கக் கலந்த தொட்டியில் அது வந்த உடனே நீர்த்துப்போய்விடும். எந்த ஊர், என்ன கழிவு என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது, 1950களில் நெதர்லாந்தில் பாஸ்வீர் என்பவர் கொடுத்த ஆக்சிடேஷன் டிட்ச். ஓட்டப்பந்தய மைதானம் மாதிரி நீள்வட்டக் கால்வாய், நடுவில் ஒரு தீவு. உருளை சுழன்று காற்றையும் கொடுக்கும், தண்ணீரையும் சுற்றித் தள்ளும். விநாடிக்கு 30 சென்டிமீட்டர் வேகம் இருந்தால் போதும், சேறு படியாது. (அதே 30 சென்டிமீட்டர் வேகத்தில்தான் கிரிட் சேம்பரில் மணலைப் படிய விடுகிறோம். மணல் கனம், இந்தச் சேறு இலேசு. அவ்வளவுதான் வித்தியாசம்.) இந்தத் தொட்டியில் மூலை என்பதே இல்லை. எனக்குப் பிடித்ததற்குக் காரணமும் அதுதான்.

மூலையில் இருப்பது

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் அப்பா பல வருஷம் காண்ட்ராக்டரிடம் தொட்டி சுத்தம் செய்கிற வேலை பார்த்தவர். எந்த ஊர், எந்த இடம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். நான் ஹோம்வொர்க்குக்காகப் படிவுத் தொட்டி வரைந்துகொண்டிருந்தபோது எட்டிப் பார்த்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் தெரியும், ஆனால் படம் உடனே புரிந்துவிட்டது. நேராக நாலு மூலையிலும் விரலை வைத்து, "பாப்பா, இங்கதான் சேறு ஒக்காரும். ரெண்டு வருஷத்துக்கு ஒருவாட்டி எறங்கி வாரணும்" என்றார். அடுத்து ஒன்று கேட்டார். "ஆமா, ஆளு எந்தப் பக்கமா எறங்கறது? அதக் காணுமே?"

நான் வரைந்த படத்தில் ஆள் இல்லை. நம் யாருடைய படத்திலும் ஆள் இல்லை.

தண்ணீர் நகராத இடத்தைப் புத்தகம் 'டெட் ஸோன்' என்கிறது. செத்த இடம். அங்கே படிகிற சேற்றுக்கு ஆக்சிஜன் கிடையாது. ஆக்சிஜன் இல்லாத உயிரிகள் தண்ணீரிலுள்ள சல்பேட்டை உடைத்து ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாக்கும். இது காற்றைவிட ஏறக்குறைய 1.2 மடங்கு கனம், ஆகவே பள்ளத்தில் தங்கும். சேற்றுக்குள் குமிழாக அடைபட்டிருப்பது, மண்வெட்டி போட்டுக் கிளறியதும் மொத்தமாக வெளியே வரும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம். 100 பி.பி.எம். அளவை எட்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "நாத்தம் போயிடுச்சு, எறங்கலாம்" என்று இறங்குகிறவர்கள் இப்படித்தான் விழுகிறார்கள். காப்பாற்ற இறங்குகிற அடுத்த ஆளும் விழுகிறார். அப்பாவோடு வேலை செய்த ஒருவர் அப்படி விழுந்தார். கயிறு கட்டியிருந்ததால் மேலே இழுத்தார்கள், பிழைத்தார். அப்பா அதோடு அந்த வேலையை விட்டுவிட்டுச் சித்தாளாகப் போகிறார்.

பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடைக்குள்ளும் செப்டிக் டேங்குக்குள்ளும் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், 1993 முதல் இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய் என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அப்படியும் சாவு நிற்கவில்லை. நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்குகளில் தமிழ்நாட்டின் பெயர் முதல் வரிசையில் இருப்பது நமக்குப் பெருமை அல்ல. சட்டத்தை வக்கீல் பார்க்கட்டும், கருவியை மெக்கானிக்கல் நண்பர்கள் செய்யட்டும். ஆனால் மூலையை வரைவது நாம்தான். தண்ணீர் போகாத இடத்தை நாம் பென்சிலால் வரைகிறோம், பிறகு அங்கே ஒரு மனிதர் போக வேண்டியதாகிறது.

தீர்வு ஒன்றும் ராக்கெட் அல்ல. தரையைச் சமமாக விடாமல் சரிவு கொடுப்பது. வட்டத் தொட்டியானால் பன்னிரண்டுக்கு ஒன்று என்று நடுவை நோக்கி. சேறு சேரும் குழியின் சுவரை 60 டிகிரி செங்குத்தாக வைத்தால் சேறு தானாக வழுக்கும். சரிவு குறைந்தால் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ஆள்தான். மூலைகளைக் கான்கிரீட் போட்டு உருட்டிவிடுவது. சுரண்டும் கை எட்டாத இடம் எதையும் விடாமல் இருப்பது. சேற்றுக் குழாயைக் கைக்கு எட்டும் வால்வோடு வெளியே கொண்டுவருவது.

மோட்டாரே இல்லாமல் தடுப்புச் சுவர்களை மட்டும் நம்பி நடக்கிற நிலையமும் நமக்குப் பக்கத்திலேயே உண்டு. கடலூர் – புதுச்சேரி சாலையில் தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையில், 2003 முதல் மருத்துவமனைக் கழிவுநீரை அடுத்தடுத்த அறைகளில் மேலும் கீழுமாக ஏறி இறங்க வைக்கிறார்கள். ஒவ்வொரு அறையிலும் தண்ணீர் அடியிலுள்ள சேற்றுப் படுக்கையைத் துளைத்துக்கொண்டுதான் மேலே வர முடியும். அங்குள்ள உயிரிகள் அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். பிறகு செடி நட்ட ஜல்லிப் படுகை, அப்புறம் குளம். மேலே சொன்ன நாலு தொட்டிக் கணக்கு நினைவிருக்கிறதா? அதுவேதான்.

பெரிய நிலையம் கட்டும் வாய்ப்பு நமக்கு எப்போது வருமோ தெரியாது. ஆனால் செப்டிக் டேங்க் எல்லாத் தெருவிலும் கட்டுகிறார்கள். எங்கள் மாமா வீட்டில் இப்போது குழி தோண்டியாகிவிட்டது. கொத்தனார் சதுரமாக ஒரே அறை போடுவதாக இருந்தார். ஐ.எஸ். 2470 விதிப்படி நீளம் அகலத்தைப்போல் இரண்டு முதல் நாலு மடங்கு இருக்க வேண்டும். 2000 லிட்டருக்கு மேல் போனால் இரண்டு அறை, நடுச்சுவர் வாயிலிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில். நான் கணக்குப் போட்டுக் கொடுத்தது: நீளம் 2.4 மீட்டர், அகலம் 1.2, தண்ணீர் ஆழம் 1.2. சுமார் 3450 லிட்டர் பிடிக்கும். நடுச்சுவர் 1.6 மீட்டரில். உள்ளே வரும் குழாய்க்கும் வெளியே போகும் குழாய்க்கும் 'டி' போட்டுத் தண்ணீருக்குள் இறக்க வேண்டும், மேலே மிதக்கும் ஏடு வெளியே போகாது. இரண்டு அறைக்கும் தனித்தனி மூடி, லாரி ஹோஸ் மேலிருந்தே இரண்டு அறையின் அடிவரை எட்டுகிற மாதிரி.

கொத்தனார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு நடுச்சுவரு கூடுதல் செலவும்மா" என்றார். மாமா தயங்கினார். அப்பாதான் குழி ஓரத்தில் உட்கார்ந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "போடுங்க மேஸ்திரி. மூலைய மட்டும் நல்லா உருட்டிப் பூசிடுங்க" என்றார். நாளை செங்கல் வருகிறது.